நூற்றுப்பத்துக்கு எழுபது

கள்ளிவிளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டாக்டர் கோமதிநாயகம்தான் தலைவர். ஆனால் அந்தத் தலைவருக்கு ஒரு குரு இருந்தார். அவரைவிடப் பத்து வயது இளையவர், அவருக்குக் கீழே வேலை பார்க்கும் நர்ஸ் ஜெபமணி. ஊசி போட எல்லாருக்கும் தெரியும். அழுகிற பிள்ளையைச் சிரிக்க வைத்துக்கொண்டே போட அந்த அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். சந்தேகம் என்று வந்துவிட்டால் டாக்டர் கௌரவம் பார்க்காமல் அவரிடம்தான் போய் நிற்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிகள் வரும் நாள். முத்துக்கனி என்கிற எட்டு மாதக்காரி கால் வீங்கி வந்தாள். பதிவேட்டில் அவள் பிரஷர் நூற்றுப்பத்துக்கு எழுபது என்று அழகாக எழுதியிருந்தது. டாக்டருக்கு என்னவோ உறுத்தியது. தன் பையில் இருந்த மிஷினை எடுத்துக் கட்டிப் பார்த்தார். நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து.

ஆம்புலன்ஸ் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்று மறுநாள் காலையில் போன் வந்த பிறகுதான் டாக்டருக்கு ஒரு வாய் காப்பி இறங்கியது.

பதிவேட்டைப் பிரித்தார். இரண்டு மாதத்தில் நாற்பத்திரண்டு கர்ப்பிணிகள். நாற்பத்திரண்டு பேருக்கும் நூற்றுப்பத்துக்கு எழுபது.

"எல்லாருக்கும் ஒரே ரத்தமா ஓடுது? யார் எழுதினது?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. இளைய நர்ஸ் செண்பகவல்லி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் கத்திக் களைத்து ஜெபமணியிடம் வந்தார்.

"இவங்கள எப்படி சிஸ்டர் உண்மை பேச வைக்கிறது?"

ஜெபமணி எழுந்தார். சாக்பீஸை எடுத்துக்கொண்டு நோயாளிகள் உட்காரும் கூடத்துக்குப் போனார். தடுப்பூசி நாள் எழுதும் கரும்பலகையைத் துடைத்துவிட்டு எழுதினார்:

'பிரஷர் மிஷின் பட்டையில் இரண்டு மாதமாகக் காற்று நிற்கவில்லை. பார்க்காமலே எழுதினோம். கர்ப்பிணிகள் எல்லாரும் திரும்ப வாருங்கள். – ஜெபமணி, நர்ஸ்.'

டாக்டர் பின்னாலேயே வந்து படித்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"போன வருஷம் தெர்மாமீட்டர் உடைஞ்சிருச்சுன்னு செண்பகவல்லி உங்ககிட்ட வந்து சொன்னா. மெமோ வந்துச்சு. மூணு நாள் அழுதா. அதுக்கப்புறம் இங்க ஒரு சாமானும் உடையல டாக்டர்."

"அதுக்காக ஊரே படிக்கிற மாதிரியா எழுதணும்?"

"ஊர் கையிலதானே பட்டை கட்டணும்."

ஊர் வாய் சும்மா இருக்குமா? பத்து மணிக்குள் ஏழெட்டுக் கர்ப்பிணிகள் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். டாக்டர் தன் மிஷினைக் கொடுத்தார். ஆனால் மனம் அதில் இல்லை. அடுத்த வாரம் தரச் சான்று கொடுக்கும் குழு வருகிறது. அந்தச் சான்றுக்காக அவர் ஒரு வருடம் நாயாய் அலைந்திருக்கிறார். பதிவேட்டை மறுபடியும் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பச்சை மையில் அவர் கையெழுத்து இருந்தது.

குழு வருவதற்கு முன்னால் ஒரு நடை பார்த்துவிட்டுப் போகலாம் என்று மாவட்ட அதிகாரி அன்றைக்கே வந்து இறங்கினார். பலகையைப் படித்ததும் முகம் சிவந்தது.

"என்ன சிஸ்டர் இது? அழிங்க."

"மாட்டேன் சார். இன்னும் முப்பது பேருக்கு மேல வரணும்."

"மெமோ குடுப்பேன்."

"குடுங்க சார். அதையும் இதுலயே ஒட்டுறேன்."

பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிகாரி தன் கைக்குட்டையை எடுத்தார். ஒரு எழுத்து விடாமல் அவரே துடைத்தார்.

ஜெபமணி கோட்டுப் பைக்குள் கையை விட்டுப் புது சாக்பீஸ் ஒன்றை எடுத்து டாக்டரிடம் நீட்டினார்.

"எப்படி உண்மை பேச வைக்கிறதுன்னு காலைல கேட்டீங்களே டாக்டர்."

டாக்டர் சாக்பீஸைப் பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார். பயமாகத்தான் இருந்தது. ஒரு வருட உழைப்பு, சான்று, பெயர் எல்லாம் கண்முன் வந்து போயின. பெஞ்சில் இருந்தவர்களின் வீங்கிய கால்களும் தெரிந்தன. வாங்கிக்கொண்டு பலகைக்கு நடந்தார். எழுத்து கோணலாக விழுந்தது.

'இரண்டு மாதமாகப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். கர்ப்பிணிகள் எல்லாரும் திரும்ப வாருங்கள். – கோமதிநாயகம், டாக்டர்.'

எழுதிவிட்டுத் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் செண்பகவல்லி நின்றுகொண்டிருந்தாள்.

"முடிச்சிட்டீங்கன்னா சாக்பீஸ் தாங்க டாக்டர். தடுப்பூசி பிரிட்ஜைப் பத்தி ஒரு விஷயம் எழுதணும்."

அதிகாரி சாக்பீஸ் தூள் படிந்த கைக்குட்டையோடு மறுபடியும் பலகையை நெருங்கினார். ஜெபமணி நகர்ந்து வழி விட்டார்.

"அழிங்க சார். உள்ள இன்னும் ரெண்டு பெட்டி சாக்பீஸ் இருக்கு."