ராஜாவின் ஏழு தீட்டு அரிசி

வெகு காலத்துக்கு முன்னே நல்லாற்று நாட்டை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அவருக்குச் சோறு மல்லிகை மொட்டுப் போல வெளுத்திருக்க வேண்டும். கொஞ்சம் பழுப்பு தெரிந்தாலும் இலையைத் தள்ளிவிடுவார். குழம்பும் காயும் பட்டால் வெள்ளை கெட்டுவிடுமாம். நெய்யும் உப்பும் மட்டும்தான். மடைப்பள்ளித் தலைவர் தில்லைநாயகம் ஏழு முறை தீட்டிய அரிசியைப் பொங்கிப் போட்டே ராஜாவின் செல்லப்பிள்ளை ஆகிவிட்டார்.

அந்த அரிசியைக் குத்துகிற பெண்களுக்குத் தலைவி உடையாள். தோள் வலிக்க அவள் உலக்கை போட்டு உதிர்த்த தவிடெல்லாம் ராஜாவின் சண்டைச் சேவல்களுக்குப் போகும். சேவல்கள் கொழுத்தன. ராஜாவுக்கோ கால் மரத்துப்போனது. சிம்மாசனத்தின் மூன்று படி ஏற இரண்டு பேர் தாங்க வேண்டியிருந்தது. வைத்தியர்கள் தைலம் தேய்த்துத் தேய்த்துக் களைத்தார்கள்.

இரண்டு தீட்டோடு நிறுத்தினால் ராஜா எழுந்து நடப்பார் என்று உடையாள் பேச்சுவாக்கில் சொன்னது தில்லைநாயகத்தின் காதுக்கு எட்டியது. அவர் அதற்குக் கண்ணும் மூக்கும் வைத்து, ராஜாவைக் கோழித்தீனி தின்னச் சொல்கிறாள் என்று சபையில் போட்டு உடைத்தார்.

ராஜா அவளை வரவழைத்தார். "நான் கோழித்தீனி தின்ன வேண்டுமா?"

உடையாள் குனிந்து கும்பிட்டாள். ஆனாலும் வாய் நிற்கவில்லை. "அந்தத் தீனியைத் தின்கிற சேவல் சண்டைக்கு நிற்கிறது, மகாராஜா. தங்களுக்கு அந்த மூன்று படியே சண்டையாக இருக்கிறது."

ராஜா ஒரு மாதம் கெடு வைத்தார். சொன்னதை நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் நாட்டைவிட்டே போக வேண்டும். உடையாள் ஒரே கூட்டில் பொரித்த இரண்டு சேவல்களைக் கேட்டாள். ஒன்றுக்குத் தில்லைநாயகம் ராஜாவின் அரிசியை மட்டும் போடட்டும், மற்றதற்கு அதே அரிசியோடு தான் தவிடும் கலந்து போடுவதாகச் சொன்னாள். தில்லைநாயகத்துக்கு ஒரே கொண்டாட்டம். தன் சேவலுக்கு வெள்ளிக் கிண்ணமும் பட்டு மெத்தையும் கொடுத்தார்.

மாதம் முடிந்து இரண்டையும் சபை நடுவே இறக்கினார்கள். பட்டு மெத்தைச் சேவல் கால் மடங்கி, கழுத்து பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. உடையாளின் சேவல் அதைச் சட்டைசெய்யாமல் சிம்மாசனப் படிகளில் தாவி ஏறி, ராஜாவின் முழங்கால் பக்கத்தில் நின்று கூவியது. ராஜா மடங்கிக் கிடந்த சேவலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இது சூனியம் என்றார் தில்லைநாயகம்.

"சூனியம் தவிட்டுக்கு அடங்குமா? இதற்கும் தவிடு போட்டுப் பாருங்கள்," என்றாள் உடையாள்.

ராஜாவே தன் கையால் போட்டார். நாலாம் நாள் அது எழுந்து நின்றது. அன்று மதியமே ராஜாவின் இலையில் பழுப்புச் சோறும் கீரையும் விழுந்தன. முதல் கவளம் தொண்டையில் இறங்கவில்லை. சேவலை நினைத்துக்கொண்டு விழுங்கினார். இரண்டு மாதத்தில் யார் தோளையும் பிடிக்காமல் படி ஏறினார்.

ஏறியதும் முதல் வேலையாக உடையாளை மடைப்பள்ளிக்குத் தலைவியாக்கினார். தில்லைநாயகத்தின் கையில் உலக்கையைக் கொடுத்து, இனி அரண்மனை அரிசியை அவர்தான் குத்த வேண்டும் என்றார். எத்தனை தீட்டு என்பதை மட்டும் அவரே சொல்லலாம் என்று ஒரு சலுகையும் தந்தார்.

தில்லைநாயகம் உலக்கையை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"மகாராஜா, தீட்டவே வேண்டாம். உமி போனால் போதும்."