சங்குத்தீவின் பதினைந்து படகுகள்

"முதல்ல தவழும். அப்புறம் தலைதெறிக்க ஓடும். பிறகு நடக்க ஆரம்பிக்கும். ஆனா, அதுக்குக் களைப்பே கிடையாது. அது என்ன?"

யோசித்துக்கொண்டே கேளுங்கள். மருதையனுக்கும் சட்டென்று விடை வரவில்லை.

"விடுகதை போடற நேரமா இது, அம்மை?" என்றான்.

அவனுக்கு நாற்பது வயது. தீவுக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உமையாள் அம்மையிடம் பத்து வருடமாகச் சீடன். அன்று சாயங்காலம் ஊர் கூடப்போகிறது. பதினைந்து குடும்பங்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, படகேற்றி வேறு கரைக்கு அனுப்பிவிடலாம் என்று அவன் சொல்லப்போகிறான். அவன் சொன்னால் ஊர் கேட்கும். படகுகள் தயார்.

குலுக்கப்போகும் சீட்டுகளில் அவன் தங்கையின் பெயரும் இருந்தது.

"தாத்தா காலத்துல முந்நூறு பேர். அப்பா காலத்துல அறுநூறு. இப்ப ஆயிரத்து இருநூறு. கிணறு ஒண்ணே ஒண்ணு. என் பேரன் காலத்துல தண்ணிக்கு அடிச்சுக்கிட்டே சாகப்போறோம்."

அம்மை அவனைக் கோயிலுக்குள் அழைத்துப்போனாள். அந்தத் தீவில் குழந்தை பிறந்தால் ஒரு சோழியைக் கோத்து வைப்பார்கள். வருடத்துக்கு ஒரு சரம். சரங்கள் சுவர் முழுக்கத் தொங்கின.

"நீ பிறந்த வருஷத்துச் சரத்தை எண்ணு."

"இருபத்தொன்பது."

"போன வருஷத்துது?"

எண்ணினான். மறுபடியும் எண்ணினான்.

"இருபது."

"தீவுல ஆள் அதிகம் அப்பவா, இப்பவா?"

"இப்பதான். ரெண்டு மடங்கு." மருதையன் சரத்தைத் தூக்கிப் பார்த்தான். "எலி கடிச்சிருக்குமோ?"

"இருக்கும். எலிக்குச் சோழின்னா உயிராச்சே."

அவன் முகம் சுருங்கியது.

"உன் பாட்டிக்கு எத்தனை பிள்ளைங்க?"

"ஒன்பது. தங்கினது மூணு."

"உன் அம்மாவுக்கு?"

"ஏழு. ஏழும் தங்கிட்டோம். கிணத்துக்கு மூடி போட்ட பிறகு பேதியில யாரும் போகலையே."

"உன் வீட்டுல?"

மருதையன் தலையைச் சொறிந்தான்.

"ரெண்டு. போதும்னுட்டா."

"நான் ஏதும் உத்தரவு போட்டேனா?"

"நீங்க எங்கே? அவ என்னையே கேட்கலை!"

அம்மை வாய்விட்டுச் சிரித்தாள். மருதையன் சிரிக்கவில்லை. அவன் கண் பழைய சரத்திலிருந்து புதிய சரத்துக்கு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"பாட்டி காலத்துல தவழ்ந்தது... அம்மா காலத்துல ஓடினது... இப்ப நடக்குது. விடுகதைக்கு விடை நாமதானா, அம்மை?"

"பரவாயில்லையே."

"ஆனா, மறுபடியும் ஓட ஆரம்பிச்சா?"

"இனிமே பிறக்கப்போறவங்களுக்குப் பயந்துதானே படகு?"

"ஆமா."

"பெறப்போறவளைக் கேட்டியா?"

மருதையன் கரைக்குப் போனான். படகுகளின் நிழலில் அவன் தங்கை மகள் பவளம் மணல்வீடு கட்டிக்கொண்டிருந்தாள். எட்டு வயது. வீட்டுக்கு நடுவில் ஒரு பெரிய சங்கை நிறுத்தியிருந்தாள்.

"மாமா, காலை எடுங்க! அது அடுக்களை."

அவன் காலை எடுத்தான்.

"சங்கு யாரு?"

"அம்மா."

மருதையன் மணலில் கிடந்த சோழிகளைக் கை நிறைய அள்ளி அவளிடம் நீட்டினான்.

"இந்தா, அம்மாவுக்குப் பிள்ளைங்க. எத்தனை வேணுமோ எடுத்துக்கோ."

பவளம் ஒவ்வொரு சோழியாகப் புரட்டிப் பார்த்தாள். அவசரப்படவில்லை.

இரண்டை எடுத்துக்கொண்டாள்.