ஏறுதுறையில் எருது ஏன் எழுந்திருப்பதில்லை

அந்தக் காலத்தில் ஆடுமாடு மட்டுமல்ல, ஆறும் பேசியது. ஆனால் கருவாறு அதிகம் பேசாது. பேசாத ஆற்றுக்குத்தான் பயப்பட வேண்டும் என்பது ஏறுதுறைக்காரர்களுக்குத் தெரியும். ஊருக்குக் கிழக்கே ஆறு, மேற்கே பாறைமேடு. நடுவில் மேலத்தெரு, தண்ணீரை ஒட்டிக் கீழத்தெரு. வெள்ளம் வந்தால் அந்த மேட்டை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

எப்போது ஓடுவது என்று சொல்ல மயிலை என்ற எருது இருந்தது. மழைக்காலம் முழுக்கத் துறையில் ஆற்றைப் பார்த்தபடி நிற்கும். தண்ணீர் அதன் முட்டியைத் தொட்டால் துணி துவைப்பவர்கள் கரையேறுவார்கள். வயிற்றைத் தொட்டால் பரிசல்களை இழுத்துக் கட்டுவார்கள். கழுத்தைத் தொட்டால் மயிலை அடிவயிற்றிலிருந்து குரல் கொடுக்கும். ஊரே மேட்டுக்கு ஏறிவிடும். கடைசி ஆள் ஏறிய பிறகுதான் மயிலை நீந்திக் கரைசேரும்.

கீழத்தெருவில் நூலுக்குச் சாயம் போடுகிறவள் காத்தாயி. அவள் புருஷன் உடையான் கல்லுடைக்கப் போன இடத்தில் இரண்டு காலும் நசுங்கிக் கட்டிலோடு கிடந்தான். மயிலை குரல் கொடுத்தால் பக்கத்து வீட்டு ஆண்கள் அவனைக் கட்டிலோடு தூக்கிப் போவார்கள். அந்தக் குரல் கொஞ்சம் பிந்தினாலும் தன் தாலி ஆற்றோடு போய்விடும் என்பது அவள் பயம். அதனாலேயே அந்த எருதின்மேல் அவளுக்கு உயிர்.

ஒரு வருஷம் மழை விட்டதும் மயிலையின் கால்களைப் பார்த்தாள். ஊறி வெளுத்து, குளம்பிடுக்கில் புழு வைத்திருந்தது. வேப்பெண்ணெய் தடவும்போது அழுகை வந்துவிட்டது. நம்மைக் காக்கிற சாமி புழுத்துப்போய் நிற்கலாமா என்று வீடு வீடாய்க் கேட்டாள். ஊருக்கும் மனசு இளகியது. ஆளுக்கொரு கல் சுமந்து, துறையில் மார்பளவு மேடை கட்டி, மாலை போட்டு மயிலையை அதன்மேல் ஏற்றினார்கள்.

மயிலைக்கு அது பிடிக்கவில்லை. "என் காலை உசத்தாதே தாயி. என் கழுத்துதான் உங்களுக்கு அளவு" என்றது.

"நீ சும்மா இரு. இனிமேலாவது காயாத கால் காயட்டும்" என்றாள் காத்தாயி.

ஆறு இதையெல்லாம் பார்த்தது. வழக்கம்போல ஒன்றும் பேசவில்லை.

அடுத்த ஐப்பசியில் மலையில் மூன்று நாளாக மழை. ஆறு செம்மண் நிறத்தில் சத்தமில்லாமல் ஏறியது. மயிலை மேடையிலிருந்து எச்சரித்தது. ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் குளம்பைத்தான் நனைத்திருந்தது. முட்டிக்கே வரவில்லை, வயசாகிவிட்டது, நனைந்தாலே பயப்படுகிறது என்று சிரித்துவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். காத்தாயியும் சாயப்பானைக்கு அடுப்பு மூட்டப் போனாள்.

அடுப்பு பற்றவில்லை. குனிந்து பார்த்தால் சாம்பல் மிதந்தது. கொல்லைச் சாக்கடை வழியாகத் தண்ணீர் பாம்புபோல உள்ளே வந்துகொண்டிருந்தது. தெருமுனைக்கு ஓடி எருதைப் பார்த்தாள். இன்னும் குளம்பளவுதான். கண்ணால் கண்டதை நம்புவதா, காலில் பட்டதை நம்புவதா? அங்கேயே நின்றாள். தண்ணீர் அவள் முழங்காலுக்கு ஏறியபோதுதான், தான் கட்டிய மேடை எவ்வளவு உயரம் என்பது உறைத்தது. மார்பில் அடித்துக்கொண்டு தெருவில் கத்தினாள். மயிலையைக் காட்டி அவளையும் அடக்கினார்கள்.

மயிலை திரும்பி ஊரைப் பார்த்தது. பிறகு முன்னங்கால்களை மடக்கி, பின்னங்கால்களை மடக்கி, மேடைமேல் உட்கார்ந்தது. ஏறிக்கொண்டே இருந்த வெள்ளம் அதன் கழுத்தைத் தொட்டது. அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தது.

அந்தக் குரலுக்குத் தெரு மொத்தமும் எழுந்தது. உடையானின் கட்டிலைத் தூக்க ஓடிவந்தவர்களுக்கு இடுப்புக்குமேல் தண்ணீர். கட்டிலின் நாலாவது காலைக் காத்தாயியே தோளில் வாங்கிக்கொண்டாள். துறைக்கு நேரான தெருமுனையைத் தாண்டும்போது எருதின் வாய்வரைக்கும் வெள்ளம் வந்திருந்தது.

"எழுந்திரு மயிலை. எல்லாரும் கிளம்பியாச்சு" என்றாள்.

"நான் எழுந்தா அளவு குறையும் தாயி. வெள்ளம் வடிஞ்சுதுன்னு நின்னுடுவாங்க. உன் புருஷன் ஏறட்டும்."

பாறைமேட்டில் கட்டிலை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது இரண்டு கொம்புகள் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் அவையும் தெரியவில்லை. உடையான் பிழைத்தான். காத்தாயி அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளம் வடிந்தபின் மேடை அடித்துக்கொண்டு போயிருந்தது. வெறும் மணலில், காலை மடக்கியபடி, மயிலை கல்லாகியிருந்தது.

அன்று முதல்தான் ஏறுதுறையில் எருது உட்கார்ந்தே இருக்கிறது. கழுத்தளவு முழுகினாலும் அதன் கீழே ஒருவரும் கல் வைப்பதில்லை. மழைக்காலத்தில் கீழத்தெருப் பெண்கள் முதலில் குனிந்து தங்கள் அடுப்புச் சாம்பலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து எருதைப் பார்க்கிறார்கள்.