சிட்டுவின் இடது பக்கம்

“கார் பாஸாயிடுச்சு மேடம். இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?”

இதைக் கேட்டவர் தணிகைவேல். கேட்டார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கத்தினார் என்பதுதான் சரி.

ரெஜினா டீ குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்து, டம்ளரை வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“இடது பக்கம் எப்படி சார்?”

“இடது பக்கமா?”

“ம்.”

*

ஒரகடத்துக்குப் பக்கத்தில், கார்களைக் கொண்டுபோய் மோதவிட்டுப் பார்க்கும் ஒரு கூடம் இருந்தது. ரெஜினா அதன் தலைவி. அவர் கையெழுத்துப் போடாத காரை விற்பதில்லை என்று தணிகைவேலின் கம்பெனி தனக்குத்தானே ஒரு விதி வைத்திருந்தது. அந்த விதியை வைத்த நாளில் எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் அதை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

தணிகைவேலுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ரெஜினா அவரைவிடப் பத்து வயதாவது இளையவர். தணிகைவேல் வடிவமைத்த முந்தைய கார் இதே கூடத்தில் அப்பளமாக நொறுங்கியதால், “ஒரு வருஷம் அந்த அம்மாகிட்ட இருந்து கத்துக்கிட்டு வாங்க” என்று கம்பெனி அவரை இங்கே அனுப்பியது.

தலை நரைத்த பிறகு மாணவனாவது சுலபமில்லை. ஆனாலும் வந்தார். மோதும் காரில் ஆட்களுக்குப் பதிலாக உட்காரவைக்கும் பொம்மைகளுக்கு பெல்ட் மாட்டினார். நொறுங்கிய கதவுகளைத் தரையில் உட்கார்ந்து அளந்தார். நன்றாகத்தான் கற்றுக்கொண்டார்.

அதுதான் தொல்லையாகப் போயிற்று.

*

கார் மோதும் இடத்தைக் கூடத்தில் ‘சுவர்’ என்பார்கள். அது எதிரே வரும் வண்டியின் மூக்குக்குப் பதிலாக நிற்கும் ஒரு பெரிய கட்டை. காரின் முழு முகமும் அதில் மோதாது. ஓட்டுபவர் இருக்கும் வலது பாதி மட்டும் மோதும். எதிரே வருபவன் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் வந்து விழுவான் என்று ஒரு கணக்கு.

இதைக் கற்றுக்கொண்ட தணிகைவேல், தன் புதிய காரான சிட்டுவில் முன்கதவை ஒட்டிக் கூரையைத் தாங்கும் வலது பக்கத் தூணுக்குள் ஒரு கெட்டியான எஃகுத் தகட்டை வைத்தார்.

இடது பக்கம் வைக்கவில்லை. வைத்தால் எடை கூடும், மைலேஜ் குறையும், விலை ஏறும். சின்னக் குடும்பம் வாங்கும் சின்னக் கார். ஒவ்வொரு கிலோவுக்கும் மல்லுக்கட்ட வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

சிட்டு மோதியது. பாஸானது. சட்டப்படி ஒரு குறையும் இல்லை.

இப்போது இந்த அம்மா இடது பக்கம் எப்படி என்கிறார்.

*

“இடது பக்கத்துப் பொம்மைக்கு ஒரு கீறல்கூட இல்ல மேடம். முகத்துல பூசின சாயம்கூட அப்படியே இருக்கு.”

பொம்மையின் முகத்தில் சாயம் பூசுவது, தலை எங்கே போய் இடிக்கிறது என்று பார்ப்பதற்காக. இடித்த இடத்தில் சாயம் ஒட்டிக்கொள்ளும். சிட்டுவின் இடது பக்கத்தில் எங்கேயும் ஒட்டவில்லை.

“நல்லது. ஆனா நான் பொம்மையைக் கேக்கல. பக்கத்தைக் கேட்டேன்.”

“அந்தப் பக்கம் சுவரே இல்லையே மேடம்!”

ரெஜினா எழுந்தார். முற்றத்தில் இன்னும் மோதாத ஒரு சிட்டு நின்றிருந்தது. அதனிடம் போய் வலது பக்கத் தூணை விரல் முட்டியால் தட்டினார். சுற்றி வந்து இடது பக்கத் தூணைத் தட்டினார்.

இரண்டு சத்தமும் வேறு வேறாக இருந்தன. தணிகைவேலுக்கும் கேட்டது.

“கையெழுத்து மேடம்?”

“நாளைக்கு வாங்க சார்.”

*

மறுநாள் தணிகைவேல் தயாராக வந்தார். இரவெல்லாம் வாதத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தார். கூடத்தில் நுழையும்போதே, பொம்மைகளை உட்காரவைக்கும் அன்வர் அவரை ஓரமாக அழைத்துப்போனார்.

“சார், ஒண்ணு சொல்லட்டுமா? மேடம் எது கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிடுங்க. சீக்கிரம் முடிஞ்சிடும்.”

“எனக்குத் தெரியாதது என்னய்யா இருக்கு இந்தக் கார்ல?”

“அப்ப லேட்டாகும்” என்று சொல்லிவிட்டு அன்வர் போய்விட்டார்.

ரெஜினாவின் அறையில் தணிகைவேல் உட்காரக்கூட இல்லை.

“மேடம், என் பையன் பன்னெண்டாவது படிக்கறப்போ, சிலபஸ்ல இல்லாத பாடத்தை ஒரு வாத்தியார் உயிரைக் குடுத்துச் சொல்லித் தந்தாரு. பசங்க யாரும் கேக்கல. ஏன்? பரீட்சைக்கு வராது. இடது பக்கம் பரீட்சைக்கு வருதா? வரல. வராத கேள்விக்கு நான் எதுக்குப் படிக்கணும்?”

“நியாயம்தான்” என்றார் ரெஜினா.

தணிகைவேலுக்கு நம்பிக்கை வந்தது. “அப்ப கையெழுத்து?”

“மோதறதுக்கு முன்னாடி பூஜை போட்டீங்களே, எலுமிச்சம்பழம் யார் வெச்சது?”

இதைக் கேட்டு உங்களுக்குச் சிரிப்பு வரலாம். நொறுங்கப்போகிற காருக்கு அங்கே உண்மையாகவே பூஜை போடுவார்கள். கற்பூரம் காட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, அப்புறம்தான் கொண்டுபோய் மோதுவார்கள். ஏன் என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. போடாமல் விடவும் யாருக்கும் தைரியம் கிடையாது.

“நான்தான் வெச்சேன்” என்றார் தணிகைவேல்.

“எத்தனை சக்கரத்துக்கு?”

“நாலுக்கும்தான். இது என்ன கேள்வி?”

“இடது பக்கம் எதுக்கு வெச்சீங்க?”

தணிகைவேல் மேசை மேல் கையை ஊன்றினார்.

“அது வழக்கம் மேடம்! எலுமிச்சம்பழமும் எஃகுத் தகடும் ஒண்ணா? பழம் அஞ்சு ரூபா. தகடு வெச்சா நான் மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். தகடு அடிக்கிற அச்சை மாத்தணும், வெல்டிங் மாத்தணும், எல்லாத்தையும் மாத்தணும். விளையாடறீங்களா?”

“இல்ல சார்.”

“அப்புறம்?”

“நாளைக்கு வாங்க.”

தணிகைவேல் வெளியே வந்து, யார் மேலும் காட்ட முடியாத கோபத்தைக் காலில் கிடந்த ஓர் அட்டைப்பெட்டி மேல் காட்டினார். பெட்டிக்குள் ஏதோ கனமாக இருந்தது. நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

*

அடுத்த நாள் வழியிலேயே எம்.டி.யின் போன் வந்துவிட்டது.

“தணிகை, என்னய்யா நடக்குது அங்க?”

“பாஸாயிடுச்சு சார். கையெழுத்துதான் பாக்கி.”

“ஆயுத பூஜை அன்னைக்கு சிட்டு ஷோரூம்ல நிக்கணும். விளம்பரம் எல்லாம் குடுத்தாச்சு. நிக்கலைன்னா ப்ராஜெக்டைத் தூக்கி புனே ஆபீஸ்காரங்ககிட்ட குடுத்துடுவேன். உங்களைக் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா குடுத்துடுவேன்.”

சிட்டு தணிகைவேலின் ஏழு வருஷத்து உழைப்பு; முந்தைய கார் நொறுங்குவதற்கு முன்பே தொடங்கியது. கதவுக் கைப்பிடியின் வளைவைக்கூட அவர்தான் களிமண்ணில் செய்து பார்த்தார். அதற்கு இன்னொருத்தன் பெயர் வாங்குவதா?

கூடத்துக்குள் புயலாக நுழைந்தார்.

“மேடம், போதும். நீங்க சொல்லித் தந்த எல்லாத்தையும் கத்துக்கிட்டேன். என்னைவிடச் சின்னவங்ககிட்ட கத்துக்க நான் வெக்கப்படல. ஆனா இது பாடம் இல்ல. இது வதை. தகடு வைன்னு சொல்லுங்க, இல்ல கையெழுத்துப் போடுங்க. ரெண்டுல ஒண்ணு. பழம், தூணு, நாளைக்கு வா, நாளன்னைக்கு வான்னு உயிரை வாங்காதீங்க!”

அன்வர் ஒரு பொம்மையின் கையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். கூடத்தில் ரெஜினாவிடம் இந்தக் குரலில் யாரும் பேசியதில்லை.

ரெஜினாவுக்கும் கோபம் வந்தது போலத்தான் இருந்தது. மேசை இழுப்பறையைத் திறந்தார், மூடினார்.

“தகடு வைன்னு நான் சொன்னா வெப்பீங்க சார். எனக்காக வெப்பீங்க. அடுத்த கார்ல நான் எதைச் சொல்ல மறந்தேனோ அதை விட்டுடுவீங்க. எனக்கும்தான் அலுத்துப்போச்சு. உங்களை மாதிரி கெட்டிக்காரங்களோட மாரடிச்சே எனக்குப் பாதி முடி கொட்டிடுச்சு.”

“அப்ப கையெழுத்துப் போடுங்க!”

“போடறேன்.”

தணிகைவேல் தன் காதை நம்பவில்லை.

“போடறேன் சார். பேனாகூட எடுத்துட்டேன், பாருங்க. அதுக்கு முன்னாடி உங்க கார்ல ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம். ஏழு வருஷம் உழைச்சிருக்கீங்க. நான் ஒரு தடவைகூட ஓட்டிப் பாக்கல.”

“இவ்வளவுதானா? வாங்க மேடம், வாங்க!”

*

முற்றத்தில் நின்றிருந்த சிட்டுவின் சாவியை ரெஜினா வாங்கிக்கொண்டார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். ரெஜினா ஓட்டும் வண்டியில் கூடத்து ஆட்கள் யாரும் விரும்பி ஏற மாட்டார்கள். வாழ்நாளெல்லாம் கார் மோதுவதைப் பார்த்த பெண் இப்படி ஓட்டுவாரா என்று ஆச்சரியப்படும்படி ஓட்டுவார்.

“எங்க போறோம் மேடம்?”

“வெளியதான். லாரிங்க நிக்கிற ரோட்டுல.”

கேட்டுக்கு வெளியே அந்தச் சாலை தெரிந்தது. இடது ஓரத்தில் கண்ணுக்கெட்டியவரை கன்டெய்னர் லாரிகள் நின்றன. துறைமுகத்துக்குப் போக முறை வரும்வரை பகலென்றும் இரவென்றும் இல்லாமல் அப்படித்தான் நிற்கும். சிலவற்றின் பின்புறம் பாதிச் சாலைக்கு நீட்டிக்கொண்டிருக்கும்.

ரெஜினா ஓட்டுபவர் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார்.

“ஏறுங்க சார்.”

தணிகைவேல் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தார். தான் களிமண்ணில் வளைத்த கைப்பிடியைப் பிடித்து முன் கதவைத் திறந்தார். குனிந்து உள்ளே பார்த்தார். ஒரு காலை எடுத்து வைத்தார்.

பிறகு அந்தக் காலை வெளியே எடுத்துக்கொண்டார். கதவைச் சாத்தினார். காரின் பின்னால் சுற்றி வந்து, வலது பக்கப் பின்கதவைத் திறந்து, ரெஜினாவுக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

அவர் மரியாதை தெரிந்த மனிதர். மேடம் ஓட்டும்போது பின்னால் உட்காரக் கூடாது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

ரெஜினா சாவியைத் திருப்பவில்லை. கண்ணாடியில் பார்த்தார்.

“என்ன சார், பின்னாடி போயிட்டீங்க?”

“சும்மாதான் மேடம்.”

“என்னை டிரைவராக்கிட்டீங்களே.”

“ஐயோ, அப்படி இல்ல மேடம். இங்க காத்து நல்லா வருது.”

ஜன்னல்கள் நான்கும் மூடியிருந்தன.

ரெஜினா ஸ்டியரிங்கின் மேல் கை வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரம் இருப்பதாகவே தெரியவில்லை.

தணிகைவேல் காலியாக இருந்த முன் இருக்கையைப் பார்த்தார். அதன் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. அவர் வீட்டுக் காரில் மனைவி கலாவதி உட்காரும் இடம் அது. கல்யாணமான நாளிலிருந்து அங்கேதான் உட்காருகிறார். வேறெங்கே உட்காருவார்?

அவருக்கு வியர்த்தது. மனுஷன் அழுதுவிடுவாரோ என்று எட்டி நின்ற அன்வருக்குத் தோன்றியதாம்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. எம்.டி.தான்.

“கையெழுத்தாச்சா இல்லையா?”

“இல்ல சார். கார் ஃபெயில்.”

“ஃபெயிலா? காலையில பாஸுன்னீங்களேய்யா! மறுபடியும் மோதினாங்களா?”

“மோதல சார்.”

“மோதாம எப்படி ஃபெயிலாகும்? அந்தம்மா சொல்லிச்சா?”

“அவங்க ஒண்ணும் சொல்லல சார்.”

“அப்ப யாருதான்யா ஃபெயில்னு சொன்னது?”

தணிகைவேல் கதவைத் திறந்துகொண்டு கீழே இறங்கினார்.

“நான்தான் சார். என்னால உட்கார முடியல.”