ஒன்பது முதல் ஐந்து வரை

"வாத்தியார் பேச்சைக் கேட்டதுலேர்ந்து பூங்காவனம் வீட்டு லைட்டை அணைக்கிறதே இல்லையாம்டி. பட்டப்பகல்லயும் எரியுதாம்."

"இவர் ஊருக்கு ஊர் பேசட்டும். கரண்ட் ஆபீஸ்காரங்களே வந்து மாலை போடுவாங்க."

மடத்து அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். வெளியே கால் கழுவ வந்த ஏகாம்பரம் அதைக் கேட்டார். அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அவர் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். வயது ஐம்பத்தாறு. போன வெள்ளிக்கிழமை மடத்தில் முதல்முறையாகப் பேசினார். 'ஆற்றலுக்கு அழிவில்லை. வடிவம்தான் மாறும். ஆன்மாவும் ஆற்றலே. அது ஒளியாகவும் இருக்கலாம்' என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. இன்று பதினொரு மணிக்குப் பெரிய மண்டபத்தில் பேச வேண்டும். தெருமுனையில் அவர் படத்தோடு பேனர் வைத்திருந்தார்கள்.

அவர் ஓட்டமும் நடையுமாகத் தோட்டத்துக்குப் போனார். மடத்துத் தலைவி சௌந்தரவல்லி அம்மா பாகல்கொடிக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார். ஏகாம்பரத்தைவிடப் பத்து வயது இளையவர். மூன்று வருடமாக அவருக்குக் குரு.

"அம்மா! என் பேச்சு ஒருத்தர் வாழ்க்கையையே மாத்தியிருக்கு!"

"ஆமா. இந்தக் கயித்தைக் கொஞ்சம் பிடிங்க."

ஏகாம்பரம் கயிற்றைப் பிடித்தார்.

"அறிவியலால ஆன்மாவை நிரூபிக்கலாம்மா. இன்னிக்கு மண்டபத்துல அதைத்தான் சொல்லப்போறேன். நீங்க ஆசீர்வாதம் பண்ணணும்."

"வாத்தியாரே, பரீட்சையில ஒரு பையன் 'ஆற்றல் ஐம்பது'ன்னு மட்டும் எழுதினா?"

"அலகு எங்கடான்னு கேட்பேன். அரை மார்க் போச்சு."

"ஆன்மாவோட ஆற்றலுக்கு என்ன அலகு?"

ஏகாம்பரம் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"அது... ஒரு உவமைம்மா."

"உவமைன்னு அன்னிக்குச் சொன்னீங்களா?"

"சொல்லியிருந்தா யாரும் கைதட்டியிருக்க மாட்டாங்க."

அம்மா முடிச்சை இறுக்கினார்.

"பூங்காவனத்தோட மக போன மாசம் காய்ச்சல்ல செத்துப்போச்சு. ஒன்பது வயசு. தெரியுமா?"

ஏகாம்பரத்துக்குத் தெரியாது.

"காலையில இங்க வந்தா. இன்னிக்கு மாதாந்திர மின்தடை. ஒன்பதுலேர்ந்து அஞ்சு வரைக்கும். 'அதுவரை என் புள்ள எங்க இருப்பா, வாத்தியாரைக் கேட்டுச் சொல்லுங்கம்மா'ன்னு கேட்டா."

பந்தலுக்குள் ஒரு அணில் ஓடியது. ஏகாம்பரம் கயிற்றை விட்டுவிட்டார்.

"அப்போ அறிவியலைக் கொண்டு சாமியைப் பத்திப் பேசவே கூடாதாம்மா?"

"மணி எட்டே முக்கால். போய் அவளுக்குப் பதில் சொல்லிட்டு வாங்க. அப்புறம் இதைக் கேளுங்க."

ஏகாம்பரம் ஓடினார். பேனரைத் தாண்டி, மார்க்கெட்டைத் தாண்டி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். டீக்கடையில், "சார், மண்டபம் அந்தப் பக்கம்!" என்று யாரோ கத்தினார்கள்.

பூங்காவனம் கட்டிலில் உட்கார்ந்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் மூச்சு வாங்க நின்றபோது கரண்ட் போனது.

அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"சார்! இப்ப எங்க சார் என் புள்ள?"

"எனக்குத் தெரியாதும்மா."

"நீங்கதானே சொன்னீங்க?"

"தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு, மகள் போனதிலிருந்து ஒருமுறையும் அழாதவள், வாய்விட்டு அழுதாள். ஏகாம்பரம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார். அழுகை ஓய்ந்ததும் கேட்டார்.

"பிள்ளை பேரு என்னம்மா?"

"தர்ஷினி."

"எப்படி இருப்பா?"

அவள் சொல்லத் தொடங்கினாள்.

பதினொரு மணிக்கு, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்த மண்டபத்தில், மூன்று முறை அவர் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். ஏகாம்பரம் ஐந்து மணிவரை பூங்காவனம் வீட்டுத் தரையிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.