நிமிர்த்தி வச்ச கட்டை

சாப்டாச்சுல்ல, வந்து படு. நீ விளையாடுன கட்டையெல்லாம் அப்படியே கிடக்கட்டும், நான் தொட மாட்டேன். ஏன் தொட மாட்டேன்னா அதுக்கு ஒரு கதை இருக்கு. நீ "ம்" கொட்டுனாதான் சொல்வேன். கொட்டலேன்னா நீ தூங்கிட்டன்னு நெனச்சு எந்திரிச்சுப் போயிடுவேன்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு கட்டடம் வரையறவ இருந்தா. வீடோ பள்ளிக்கூடமோ, எது கட்டணும்னாலும் முதல்ல அவதான் காயிதத்துல சரக் சரக்குன்னு கோடு போட்டுக் கொடுப்பா. கெட்டிக்காரிதான். ஆனா தான் கெட்டிக்காரிங்கறது அவளுக்கே கொஞ்சம் அதிகமாத் தெரியும்.

அந்த ஊர் ஆஸ்பத்திரில புதுசா ஒரு கூடம் கட்டணும்னாங்க. சில பாப்பா அவசரப்பட்டு முன்னாடியே பொறந்துடும்ல, அதுங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுப் பார்த்துப்பாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அம்மாவைக் கூப்பிட்டுப் பால் கொடுக்கச் சொல்வாங்க. மிச்ச நேரமெல்லாம் அம்மா வெளிய காத்துக்கிட்டு இருக்கணும். அப்படிக் காத்திருக்கறதுக்குத்தான் அந்தக் கூடம்.

"ம்."

அங்க இருக்கறவங்க கஷ்டம் தெரியாம வரையக் கூடாதுன்னு இவ எல்லாரையும் ஒரு நாள் வரச் சொன்னா. பெரிய மேஜையில கட்டையைக் கடகடன்னு கொட்டுனா. கூடவே தீப்பெட்டி, நூல்கண்டு, களிமண்ணு. "இங்க உங்க நாள் எப்படிப் போகுதுன்னு கட்டிக் காட்டுங்க. அரை மணி நேரம் வாய் பேசக் கூடாது, கைதான் பேசணும். அப்புறம் ஒவ்வொருத்தராச் சொல்லலாம்"னா. என்ன சிரிக்கற? பெரியவங்களும் கட்டை வச்சு விளையாடலாம். வாய்க்குச் சொல்ல வராததைக் கை சொல்லிடும். நல்ல விளையாட்டுதான் அது, அது மேல தப்பே இல்ல.

முதல்ல சகாயம் நர்ஸ். டக் டக் டக்குன்னு நீளமா ஒரு வரிசை அடுக்கி, அந்தக் கோடியில ஒரு தீப்பெட்டி வச்சாங்க. "ஒரு மருந்து எடுக்க இவ்ளோ தூரம் நடக்கறேம்மா, கால் விட்டுப் போகுது"ன்னாங்க. இவ எழுதிக்கிட்டா.

அப்புறம் வாட்ச்மேன் வேலாண்டி. ஒரு கட்டையைக் கதவா நிறுத்தி, அது மேல பத்துத் தீப்பெட்டி முட்டிக்கிட்டு நிக்கற மாதிரி வச்சார். "உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம எல்லாரும் என் சட்டையைப் புடிக்கறாங்க. பார்க்கறதுக்கு ஒரு கண்ணாடி இருந்தா தேவல"ன்னார். அதையும் எழுதிக்கிட்டா.

மூணாவது மரியபுஷ்பம். அவங்க பாப்பா பெட்டிக்குள்ள வந்து பதினோராவது நாள். அவங்களுக்கு வயித்துல போட்ட தையல் இன்னும் ஆறல. ஒரு தீப்பெட்டியை வச்சு, உள்ள நூலைச் சுருட்டி மெத்தை மாதிரி போட்டாங்க. பக்கத்துலயே ஒரு கட்டையைப் படுக்க வச்சாங்க. அவ்ளோதான். கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டாங்க.

அவங்க சொல்ல வேண்டிய முறை வந்துச்சு. அப்போ பார்த்து டீயும் வந்துச்சு, போட்டோ எடுக்கறவரும் வந்துட்டார். "டீ குடிச்சுட்டுக் கேக்கறேங்க்கா"ன்னு இவ எந்திரிச்சா. போட்டோல மேஜை அழகா விழணுமேன்னு சுத்தி வந்து களிமண்ணைத் தொடைச்சா, நூலை ஒதுக்குனா. மரியபுஷ்பம் கட்டுனதுகிட்ட வந்தா. அடடா, கட்டை விழுந்து கிடக்கேன்னு எடுத்து நிமிர்த்தி வச்சா. டொக்.

"அது விழலையே."

விழல. உனக்குத் தெரியுது. ரெண்டு பட்டம் வாங்குனவளுக்குத் தெரியல.

டீ முடியறதுக்குள்ள மரியபுஷ்பத்தைப் பால் கொடுக்கக் கூப்பிட்டுட்டாங்க. அவங்க போயிட்டாங்க. அதுக்கப்புறம் இவ கேக்கவே இல்ல. மறந்துட்டான்னு சொல்ல முடியாது. போட்டோ இருக்கே, அது போதும்னு விட்டுட்டா. போட்டோல தீப்பெட்டிக்கு எதிர்ல கட்டை நேரா நிக்குது. சரி, அம்மா பாப்பாவைப் பார்த்துக்கிட்டே இருக்கணும்கறாங்கன்னு தானா ஒரு முடிவுக்கு வந்து வரைஞ்சா. பெரிய கண்ணாடிச் சுவர், எதிர்ல வரிசையா இரும்பு நாற்காலி, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு கைப்பிடி. எல்லாத்தையும் தரையோட பதிச்சு சிமெண்டு பூசியாச்சு. திறப்பு விழால எல்லாரும் படபடன்னு கை தட்டுனாங்க. இவளும் பெருமையா நின்னா.

"ம்..."

ரெண்டு வருஷம் போச்சு. இவளோட அண்ணிக்கு ஏழாம் மாசமே ஒரு பாப்பா பொறந்துச்சு. அதே ஆஸ்பத்திரி, அதே கூடம். மூணாம் நாள் இவ சாப்பாடு எடுத்துக்கிட்டுப் போய் வாசல்ல நின்னு பார்க்கறா. அண்ணி ஒரு நாற்காலில சாஞ்சு பார்த்தாங்க, தையல் சுர்ருன்னு இழுத்துச்சு. அடுத்ததுல ஒருக்களிச்சுப் பார்த்தாங்க, கைப்பிடி விலாவுல குத்துச்சு. அப்புறம் எந்திரிச்சு, கண்ணாடிச் சுவரோரமா வெறுந்தரையில ஒரு புடவையை விரிச்சு, கையை ஊனி ஊனிப் படுத்துட்டாங்க. அந்தப் பக்கம் பாப்பாவோட பெட்டி. இந்தப் பக்கம் அண்ணி.

அப்போதான் இவளுக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. தீப்பெட்டி, பக்கத்துல படுத்த கட்டை. மரியபுஷ்பத்தோட கை அன்னைக்கே சொல்லிடுச்சு.

அண்ணி ஒரு குத்தமும் சொல்லல. "வந்துட்டியா, அப்படி ஓரமா வை, அப்புறம் சாப்பிடறேன்"னாங்க. அதைத்தான் இவளால தாங்க முடியல.

அப்புறம் மரியபுஷ்பத்தைத் தேடிப் போனா. அவங்க வீட்டுலயே தையல் மெஷின் போட்டுத் தைக்கறாங்க. அன்னைக்குத் தீப்பெட்டியா இருந்த பாப்பா, காலடியில உக்காந்து துணித் துண்டைக் கிழிச்சுக்கிட்டு இருந்துச்சு. "நீங்க படுக்க வச்ச கட்டையை நான் நிமிர்த்திட்டேங்க்கா. மன்னிச்சுக்கோங்க"ன்னா.

அவங்க மெஷினை நிறுத்துனாங்க. "நான் பார்த்துக்கிட்டுத்தாம்மா இருந்தேன். படிச்சவங்க, ஆஸ்பத்திரில அப்படிப் படுத்துக் கிடக்கறது தப்புன்னுதான் நிமிர்த்துறீங்கன்னு நெனச்சேன். எனக்கே கூச்சமாப் போச்சு. அன்னைலேர்ந்து வீட்டுக்கு வர்ற வரைக்கும் நான் அங்க படுக்கல"ன்னாங்க.

"...அப்புறம் மாத்துனாங்களா?"

இவ ஒவ்வொரு ஆபீஸா ஏறிக் கெஞ்சினா. கடைசில ஆறு நாற்காலியைப் பேர்த்துட்டு ரெண்டு கட்டில் போட்டாங்க. அதுக்கு மேல இடமில்ல. இருந்த இடத்தையெல்லாம் அவதான் முன்னாடியே வரைஞ்சு தீர்த்துட்டாளே. ரெண்டு பேர் கட்டில்ல, மிச்சப் பேர் இன்னும் தரையிலதான். அந்தப் பக்கம் போனா எட்டிப் பார்க்காம வர மாட்டா.

"அத்தை, அண்ணின்னா அம்மாவா? அந்தப் பாப்பா நானா?"

ம்.

"அப்போ அந்தக் கட்டையை நிமிர்த்துனது..."

ம்.

கண்ணை மூடு. அதோ, நீ கட்டுனதுல ஒரு கட்டை ஓரமா சாஞ்சு கிடக்கு. அது விழுந்ததா, படுக்க வச்சதான்னு எனக்குத் தெரியாது. நீ எந்திரிச்சதும் கேக்கறேன், மறக்காமக் கேக்கறேன். கதை படுத்தாச்சு, நீயும் படு.