தையல் வகுப்பை மூடலாமா?

இந்த வழக்கைக் கேட்டுவிட்டு நீங்களே ஒரு முடிவைச் சொல்லுங்கள். அதிகாரி கோமதிநாயகிக்கு அலுத்துவிட்டது.

அரசின் இலவசத் தையல் வகுப்பைத் தொடரலாமா, மூடலாமா என்று மாலைக்குள் அவள் எழுதித் தர வேண்டும். அடுத்த வகுப்புக்குப் பெயர் கொடுத்த பெண்கள் காத்துக் கிடக்கிறார்கள். எதிரே இரண்டு ஆய்வாளர்கள், காலையிலிருந்து ஓயாத சண்டை.

நம்பி, வகுப்பைக் கடைசிவரை முடித்தவர்களைப் பார்த்தவன். ஊரின் மற்றப் பெண்களைவிட அவர்களுக்கு நல்ல சம்பாத்தியம். "தொடரணும் மேடம், இதுல என்ன யோசனை?"

"பாதியில ஓடிப்போனவங்களை விட்டுட்டீங்களே சார்! கெட்டிக்காரிகளாப் பொறுக்கி எடுத்தா எந்த வகுப்பும் நல்ல வகுப்புதான்" என்றாள் ஜெர்லின்.

அவள் வழி வேறு. இடம் கொஞ்சம், ஆள் அதிகம் என்பதால் குடத்தில் சீட்டுப் போட்டுத்தான் ஆள் எடுத்திருந்தார்கள். சீட்டு விழுந்த எல்லாரையும், ஓடிப்போனவர்கள் உட்பட, விழாதவர்களோடு ஒப்பிட்டாள். இரு பக்கமும் ஒரே வருமானம். "பிரயோஜனம் இல்ல மேடம். மூடிடலாம்."

எதில் கையெழுத்துப் போட்டாலும் திட்டு தனக்குத்தான். கோமதி செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் அந்தப் பெண்கள் இருக்கும் தெருவுக்கே போனாள். சீட்டு விழாத பாப்பாத்தி என்ற பெண் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத்தான் சீட்டு விழலையேம்மா, யாரு சொல்லித் தந்தா?"

"எங்க மதினிக்கு விழுந்துதுல்லா! பகல்ல அவ படிச்சிட்டு வருவா, பொழுது சாஞ்சா எனக்குச் சொல்லித் தருவா. ஒருத்தி மட்டும் கத்துக்கிட்டுக் கமுக்கமா இருந்தா வீட்டுல சோறு எறங்குமா?"

அடுத்த வீட்டிலும் அதே கதை. தெரு முழுக்க அதே கதை.

திரும்பி வந்த கோமதி இரண்டு ஆய்வையும் ஒதுக்கினாள். "வகுப்பு நடக்கட்டும். இனிமே ஆளுக்குச் சீட்டுப் போடாதீங்க, ஊருக்குப் போடுங்க. விழுந்த ஊரை, போய்ச் சொல்லித் தர முடியாத தூரத்துல இருக்கிற விழாத ஊரோட ஒப்பிட்டுட்டு வாங்க."

"அப்போ எங்க உழைப்பெல்லாம் வீணா?" அதில் மட்டும் இருவருக்கும் ஒரே குரல்.

நம்பியா, ஜெர்லினா, கோமதியா? இதில் யார் செய்தது சரி?

விடை: கோமதி. நம்பி பிடித்தது முந்தியே கெட்டிக்காரிகளாக இருந்தவர்களை. வகுப்பு இல்லாமலும் அவர்கள் பிழைத்திருப்பார்கள். ஜெர்லினின் வழி நல்ல வழி, முடிவுதான் தப்பு. சீட்டு விழாதவர்களும் வீட்டிலேயே கற்றுக்கொண்டார்களே. இரண்டு தட்டிலும் சரக்கு ஏறிவிட்டால் தராசு முள் நடுவில்தான் நிற்கும். அதைப் பார்த்துச் சரக்கே இல்லை என்று எவனாவது சொல்வானா? வகுப்பு நல்லது என்று கோமதியும் எழுதவில்லை. இன்னும் தெரியவில்லை, தெரியாமல் மூடக்கூடாது என்று எழுதினாள். அதற்காக மேலிடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். வகுப்புக் கதவு திறந்துதான் இருக்கிறது.